கேட்டடியில் நின்ற ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊரைத் தொட்டுக்கொண்டுதான் ரயில் ஓடும். ஆனால் அதில் ஏற அடுத்த ஊர்வரை நடக்க வேண்டும். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கு மக்களின் நிலை ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. அது கம்பளித் துணிக்குப் பேர்போன இடம். ஆலைகளும் வீடுகளும் தண்டவாளத்தை ஒட்டியே நீண்டு கிடக்க, ஸ்டேஷன்கள் மட்டும் எட்டி எட்டி இருந்தன. அந்தப் பக்கம் மின்சார டிராம் விடப்போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. கூப்பிடு தூரத்தில் டிராம் வந்து நின்றால் ஸ்டேஷனுக்கு யார் நடப்பார்கள்?

அந்தப் பாதையில் ரயில் விட்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி முந்திக்கொண்டது. 1903 அக்டோபர் 12 அன்று, ஸ்டோன்ஹவுசுக்கும் சால்ஃபோர்டுக்கும் இடையிலான ஏழு மைலில் புதுவகை வண்டி ஒன்றை விட்டது. நீராவி எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒரே உடலாக அமைந்த வண்டி அது. இரு முனையிலிருந்தும் ஓட்டலாம். திரும்பி வர எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை கிடையாது. அதனால்தான் மணிக்கொரு நடை விட முடிந்தது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த எஞ்சின் அல்ல, வண்டி நின்ற இடங்கள். ரயில்வே கேட்டடியிலேயே நிறுத்தினார்கள். அங்கே ஸ்டேஷன் கட்டடம் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. இறங்கி ஏற வண்டியிலேயே மடக்குப் படி இருந்தது. டிக்கெட்டை உள்ளே நடத்துநர் கொடுத்தார். ஆள் கூலியும் கட்டடச் செலவும் இல்லாததால்தான் நாலு வீட்டுக்காரர்களுக்காகக்கூட வண்டியை நிறுத்தக் கட்டுப்படியாயிற்று. நாம் ஹால்ட் என்கிறோமே, அத்தகைய சிறு நிறுத்தங்கள் அந்தக் கம்பெனியின் கிளைப்பாதைகள் எங்கும் பெருகின.

தண்டவாளமே இல்லாத ஊர்களையும் விட்டுவிடவில்லை. கார்ன்வாலில் ஹெல்ஸ்டனிலிருந்து லிசார்டு முனைவரை பாதை போட 85,000 பவுண்டு ஆகும் என்று கணக்கு வந்தது. அதே 1903 ஆகஸ்ட் 17 முதல் அந்தத் தடத்தில் ரயில்வேயே மோட்டார் பஸ் விட்டது.

1908க்குள் நீராவி மோட்டார் வண்டிகள் 99 ஆயின. கூட்டம் பெருகப் பெருக, கூடுதல் பெட்டி இழுக்க அவற்றின் சிறிய எஞ்சினுக்குத் திராணி போதவில்லை. கடைசியில் பலவற்றிலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டு, தனி எஞ்சினோடு ஓடும் பெட்டிகளாக மாற்றினார்கள். வண்டி மாறினாலும் ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கின் கேட்டடி நிறுத்தங்கள் 1964 வரை இருந்தன.