அடுத்தவருக்கு ஒரு கட்டம்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பலர் அவரவர் இடத்திலிருந்து பாடி ஒன்றாகச் சேரும் வீடியோவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

10 லட்சம் பேருக்கு 4 பேர். 2013-இல் யூடியூப் சொன்ன கணக்கு இது. அப்போது அங்கே 'வீடியோ பதில்' என்றொரு வசதி இருந்தது. ஒருவர் பேசிய வீடியோவுக்குக் கமெண்ட் எழுதுவதற்குப் பதில், நீங்களும் கேமரா முன் உட்கார்ந்து பேசி அதன் கீழே மாட்டிவிடலாம். 2006-இல் வந்த வசதி. அதே ஆண்டு ஆகஸ்டில் பீட்டர் ஓக்லி என்ற இங்கிலாந்துக்காரர், 79 வயதை நெருங்கும்போது, வெப்கேமரா முன் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சில வாரங்களுக்குள் யூடியூபிலேயே அதிக சப்ஸ்கிரைபர்கள் அவருக்குத்தான். அந்தக் காலத்து விலாக் என்றால் பேச்சும் மறுபேச்சும்தான். ஆனாலும் 2013 செப்டம்பரில் வீடியோ பதிலை மூடிவிட்டார்கள். 10 லட்சம் பேரில் 4 பேர்தான் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள்.

பதில் பேசும் ஆசை ஜனங்களுக்கு வற்றிவிட்டதா? இல்லை. பதிலைப் பார்க்க வேண்டுமென்றால் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோவை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கேள்வி ஒரு வீட்டுத் திண்ணையில், பதில் அடுத்த தெருவில். யார் எழுந்து போவார்கள்?

ஸ்மியூல் என்ற கரோக்கி செயலியில் என்ன நடந்தது என்று பாருங்கள். சினிமா டூயட்டில் ஆண் குரல் வரிகளை ஒருவர் பாடிவிட்டு, பெண் குரல் வரிகளைக் காலியாக விட்டுப் போகிறார். திருச்சியில் விட்டதை டொராண்டோவில் ஒருவர் வந்து நிரப்புகிறார். திரையில் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில். நம் ஆட்கள் அதில் ராத்திரி பகலாகக் கிடந்தார்கள். டிக்டாக்கின் 'டூயட்' வசதியும் இதே வகைதான். 2020 டிசம்பரில் நேதன் எவன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தபால்காரர் பழைய கப்பல் பாட்டு ஒன்றைத் தனியாகப் பாடிப் போட்டார். ஒருவர் அதன் மேல் அடிக்குரல் சேர்த்தார், இன்னொருவர் மேல்குரல், அப்புறம் வயலின். ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதைச் சுமந்துகொண்டே மேலே ஏறியது. (இந்தியாவில் அந்த வருடம் ஜூன் 29-ஆம் தேதியே டிக்டாக்கைத் தடை செய்துவிட்டார்கள். அந்தக் கூத்தை நாம் வெளியே நின்றுதான் பார்த்தோம்.) எவன்ஸ் சீரான வேகத்தில் பாடினார், தாளத்தையும் தட்டிக்கொண்டே பாடினார். பல்லவி திரும்பத் திரும்ப வரும் பாட்டு. வேகம் கூடிக் குறைந்திருந்தால் இரண்டாம் ஆள் ஏறியிருக்கவே முடியாது.

இதில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை அவரவர் வீட்டிலிருந்து பாடவைத்து, ஒரே சேர்ந்திசை வீடியோவாக்கினார். அதற்கு முந்தைய முயற்சியில் எல்லோரும் ஒரு சிடியைக் கேட்டுக்கொண்டே பாடினார்கள். இந்த முறை அவரே இசை நடத்துநராகக் கையசைத்து ஒரு வழிகாட்டி வீடியோ எடுத்தார். மௌனமாகக் கையசைத்துவிட்டு, பிறகு அதற்கேற்பப் பியானோவைச் சேர்த்தார். எல்லோருக்கும் கண்ணில் ஒரே கை, காதில் ஒரே பியானோ.

நீங்கள் ஓர் ஊர்ப் பள்ளிக்காகவோ சங்கத்துக்காகவோ 20 பேர் பாடும் வீடியோ செய்வதாக வைத்துக்கொள்வோம். வீடியோ காலில் சேர்ந்து பாடலாம் என்று நினைக்காதீர்கள். குரல் போய்ச் சேரும் தாமதத்தில் இரண்டாவது வரியிலேயே பஜனை சிதறிவிடும். போதாக்குறைக்கு, இரைச்சலை வடிகட்டும் மென்பொருள் தம்பூராவையும் சுருதிப்பெட்டியையும் ஏசி சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்து அனுப்புவதுதான் வழி.

முதலில் வழிகாட்டிப் பதிவு. சுருதியையும் வேகத்தையும் முடிவு செய்து சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு பாடுங்கள். ஆரம்பத்தில் நான்கு எண்ணி, ஒரே ஒரு கைதட்டல், பிறகு 5 நொடி மௌனம், அப்புறம் பாட்டு. பாடுகிறவர்களும் அந்தக் கைதட்டலோடு சேர்ந்து ஒருமுறை தட்ட வேண்டும். எடிட்டிங் திரையில் அது ஊசி மாதிரி குத்திட்டு நிற்கும். 20 ஊசிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பாட்டு முடிந்ததும் 5 நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். கடைசி எழுத்து காற்றில் இருக்கும்போதே கை ஃபோனை அணைக்கப் போவதுதான் மனித இயல்பு.

பாடுகிறவருக்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்றில் வழிகாட்டி ஓட, மற்றதில் பதிவு. ஒரே ஃபோனில் இரண்டும் என்றால், பல மாடல்களில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தியதும் பாட்டு நின்றுவிடும். இயர்ஃபோன் கட்டாயம் வயர் வைத்ததாக இருக்க வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள். புளூடூத்தில் ஒலி 150 முதல் 250 மில்லிநொடி தாமதித்து வருவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லிநொடி. அதாவது அரைத் தட்டு வரை பிந்திப் பாடுவார், தான் சரியாகப் பாடுவதாக நம்பிக்கொண்டே. அவர் கைதட்டலும் அதே அளவு பிந்துவதால் ஊசியை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். கைதட்ட மறந்தவர் கதைதான் திண்டாட்டம். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். இன்னொரு காது தன் குரலைக் கேட்காவிட்டால் சுருதி விலகும்.

படத்துக்கு 4கே வேண்டாம். ஒரு நேரத்தில் 16 முகங்களை நாலுக்கு நாலாக அடுக்கினால் 1920-க்கு 1080 திரையில் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 480-க்கு 270. பெரிய கோப்பை அனுப்பச் சொல்லி யாருடைய டேட்டாவையும் கரைக்காதீர்கள், 1080 தாராளம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கும் மலிவு எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி இல்லையென்றால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊரும். அதைக் குழந்தைகளுக்கு விளக்கிக்கொண்டிருக்காமல், பகலில் ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கி வரும். 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே வரும்.

ஆரம்பத்தில் பொருந்திய வாய், மூன்றாம் நிமிடத்தில் ஏன் விலகுகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபோன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீரான வேகம் என்று எடுத்துக்கொள்ளும். 30 ஃப்ரேமில் எடுத்ததை 29.97 என்று படித்தாலே நிமிடத்துக்கு 0.06 நொடி நழுவும். மூன்று நிமிடத்தில் 5 ஃப்ரேமுக்கு மேல். வந்த கோப்புகளை எல்லாம் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு மாறா வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும்.

ஒலிக்கு வருவோம். 20 பேர் என்றால் 20 மின்விசிறி. ஒன்றின் இரைச்சலைவிட இருபதும் சேர்ந்தால் 13 டெசிபெல் அதிகம். ஒருவர் பாடாத இடத்தில் எல்லாம் அவர் ஒலித்தடத்தை ஊமையாக்குங்கள். மேற்கத்தியச் சேர்ந்திசைக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. வரி 'ஸ்' என்று முடிந்தால் இருபது பேரும் முன்பின்னாக முடித்து, கடுகு தாளித்த மாதிரி கேட்கும். இரண்டு மூன்று பேருடைய 'ஸ்'ஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுவார்கள். தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது என்று இலக்கணம் வகுத்தவர்கள் எடிட்டர்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்கள். ஆனால் வரியின் தொடக்கத்தில் வரும் 'க', 'த', 'ப' தமிழிலும் சிதறும். அதைக் கையால்தான் நகர்த்த வேண்டும்.

சினிமாப் பாட்டின் கரோக்கியை வைத்துச் செய்தால் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடிக்கும். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். அது உரிமைக் கோரல். சேனலை மூடவைக்கும் ஸ்டிரைக் வேறு, 90 நாளுக்குள் மூன்று வந்தால்தான் அந்த ஆபத்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்து வீடியோவை அழிக்கிறவர்கள் நிறையப் பேர். சிறுவர்கள் பாடினால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்த வீடியோவை ஏற்றும் அன்றே இன்னும் இரண்டு பதிப்புகளையும் ஏற்றுங்கள். ஒன்றில் மேல்குரல் இருக்கக்கூடாது, மற்றதில் கீழ்க்குரல். நாலுக்கு நாலு அடுக்கில் அடுத்தவர் வந்து நிரப்ப ஒரு கட்டத்தைக் கறுப்பாக விட்டு, நான்கு எண்ணிக்கையையும் கைதட்டலையும் வெட்டாமல் வையுங்கள்.