அந்த இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் சாவி வெட்டும் இயந்திரம் போட்டிருக்கிறோம். பள்ளி விடுமுறையும் தீபாவளியும் நெருங்கினால் அதற்கு ஓய்வே கிடையாது. பூட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டபோது, "பத்து நிமிஷம் உங்களுக்குப் போதுமாப்பா?" என்றாள் என் மகள். பார்ப்போம்.

தாமான் குடியிருப்பில் எங்காவது ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் மறுநாள் காலையிலேயே எங்கள் கடைக்குத் தெரிந்துவிடும். அந்த வரிசையில் குடியிருப்பவர்கள் வருவார்கள். "அண்ணே, இருக்கிறதிலேயே பெரிய பூட்டா ஒண்ணு கொடுங்க" என்பார்கள். உள்ளங்கை நிறையப் பிடிக்கும் பூட்டாக இருந்தால்தான் மனசு ஆறுகிறது. நான் உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் வீட்டுச் சாவி மொத்தம் எத்தனை, யார் யாரிடம் இருக்கிறது?

விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். நமக்கு ஒன்று, வீட்டுக்காரிக்கு ஒன்று. ஷா ஆலமில் வேலை செய்யும் மகனிடம் ஒன்று. பின்வரிசையில் மாமியார் வீட்டில் ஒன்று. அப்புறம் குரல் இறங்கும். அடுப்படியை இழுத்துக் கட்டினோமே, அந்தக் குத்தகைக்காரரிடம் கொடுத்தது திரும்பி வந்ததா? வீட்டை விற்றவர் எல்லாச் சாவியையும் கொடுத்தாரா? அவருக்கு முன்னால் வாடகைக்கு இருந்தவர்கள்? இடையில் வீடு காட்டிய ஏஜெண்ட்?

பூட்டுக்கு ஆள் தெரியாது, நேயர்களே. சாவி பொருந்தினால் திறக்கும். நீங்கள் போட்டாலும் திறக்கும், ஐந்து வருஷத்துக்கு முன்னால் காலி செய்துவிட்டுப் போனவர் போட்டாலும் திறக்கும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்; மீதியெல்லாம் இதற்கு விளக்கம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று மனசில் ஏறாது. ஏன் என்றும் எனக்குத் தெரியும், நானும் ரப்பர்ப் பால்மரத்துக்கு நடுவே, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்திக் கொண்டி போடுவார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்திருக்கும். புது ஆள் யாராவது லயத்துக்குள் நுழைந்தால் தோட்டக் குமாஸ்தாவான கிராணி வீடு வரைக்கும் செய்தி போய்விடும். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போதுதான் பூட்டே வெளியே வரும். எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தபோது தகரப் பெட்டியில் தொங்கிய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு அது. கையால் செய்த பூட்டு, நல்ல கனம். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். தாத்தா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.)

தோட்டம் கைமாறியது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நாம் தாமானுக்கு வந்தோம். பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. வாசலில் பாட்டி இல்லை. கணவன், மனைவி இருவரும் ஷிஃப்டு வேலை, வீடு பகல் முழுக்கக் காலி. ஆனால் சாவி இன்றைக்கும் துளசித் தொட்டிக்கு அடியில்! இல்லாவிட்டால் செருப்பு ரேக்கில், மீட்டர் பெட்டிக்கு மேலே. இந்த இடங்களை வீட்டுக்காரரை விடத் திருடனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒரு அக்கா. பெயர் வேண்டாம், கேட்டுக்கொண்டு இருப்பார். பழைய வீடு ஒன்றை வாங்கினார். சுவருக்கு வண்ணம், தரைக்குப் புது ஓடு, முன்னால் கிரில், எல்லாம் தடபுடலாகச் செய்தார். கதவுப் பூட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். கிரில் பூட்டையும் பழைய வீட்டுக்காரர் விட்டுப்போனதையே மாட்டிக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை குடும்பமாக ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினால், வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து. உள்ளே விளக்கு எரிகிறது. சோபாவில் முன்பின் தெரியாத ஒரு பையன், மேகி மீ சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

அக்கா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பையன் அவரை விட அதிகமாக நடுங்குகிறான். விசாரித்தால், முன்பு அங்கே வாடகைக்கு இருந்தவரின் தம்பியாம். ஜொகூரில் வேலை. அண்ணன் எப்போதோ கொடுத்து வைத்த சாவி அவனிடம் இருந்தது. அண்ணன் வீடு மாறியது தெரியாமல், திடீரென்று வந்து நிற்கலாம் என்று பஸ் ஏறியிருக்கிறான். வந்தான், சாவியைப் போட்டான், திறந்தது, உட்கார்ந்துவிட்டான். "புதுச் சோபாவைப் பார்த்ததும் சந்தேகம் வரலையாடா?" என்று தெருக்காரர் ஒருவர் கேட்டதற்கு, "அண்ணி இப்பதான் நல்லதா ஒண்ணு வாங்கியிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றானாம். அக்காவே அவனுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலை நான் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார்.

சிரித்துவிட்டோம், சரி. வந்தவன் நல்ல பையனாக இருந்ததால் சிரிக்கிறோம். பூட்டுக்கு அவன் நல்லவனா கெட்டவனா என்று தெரியாது.

புது வீடு வாங்கியவர்கள், இது நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள். கட்டிக்கொண்டு இருக்கும்போது அந்தக் கதவை எத்தனை பேர் திறந்து மூடியிருப்பார்கள்? ஓடு பதித்தவர், வயர் இழுத்தவர், வண்ணம் அடித்தவர். அப்புறம், வீடு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் வரும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதற்காகச் சாவியை அவர்களிடம் கொடுத்து வாங்குவீர்கள். கொடுங்கள், ரிப்பேர் முடிந்ததும் பூட்டை மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது என்றால் கதவையே பெயர்க்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுச் சாவி பக்கத்தில் இருந்தால் கையில் எடுங்கள். பல்லின் மேல் விரலை ஓட்டுங்கள். ஒரு பள்ளம் ஆழம், அடுத்தது மேலோட்டம், இப்படி ஐந்தாறு வரும். பூட்டுக்குள்ளும் அதே அளவுக்குச் சின்னச் சின்னப் பித்தளைப் பின்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாப் பின்களும் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்கும், சிலிண்டர் திரும்பும். ஒன்று மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திரும்பாது. அமெரிக்காவில் லைனஸ் யேல் என்பவர் 1861இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. இன்றைக்கும் நம் வீட்டுக் கதவுகளில் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே சாவியை மாற்ற வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் பின்களை மட்டும் மாற்றினால் போதும். அதே பூட்டு, அதே கைப்பிடி, சாவி மட்டும் புதிது. பழைய சாவிகள் அன்றோடு செத்தன. பூட்டு நல்ல தரமாக இருந்தால் இதுதான் மலிவு. முன்கதவும் பின்கதவும் ஒரே கம்பெனிப் பூட்டாக இருந்தால், இரண்டுக்கும் ஒரே சாவியாகவும் அமைத்துக் கொடுப்போம்.

கைப்பிடிக்குக் கீழே தனியாகச் சிலிண்டர் இருக்கும் கதவானால், நீங்களே மாற்றலாம். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள், பூட்டின் நாக்கு வெளியே வரும் பக்கம். சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். அதையே கடைக்குக் கொண்டு வாருங்கள். "ஒரு சாண் இருக்கும்ணே" என்று விரலை விரித்துக் காட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? ஸ்குரு துளையின் நடுவிலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, உள்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். வெளிப்பக்கம் தகட்டுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் திருடன் பிடித்து முறித்துவிடுவான். சாதாரண உருண்டைக் கைப்பிடிப் பூட்டாக இருந்தால் பின் மாற்றும் கூலிக்குப் புதுப் பூட்டே வாங்கிவிடலாம்.

"ஏண்ணே, திருடன் கம்பி விட்டுத் திறந்துவிட மாட்டானா?" என்று கேட்பார்கள். இதற்கு எனக்குப் பிடித்த ஒரு பழைய சம்பவம் உண்டு. லண்டன் பிக்கடில்லியில் பிராமா கம்பெனிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூட்டு தொங்கியது. இதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். பல்லாண்டு காலம் ஒருவராலும் முடியவில்லை. 1851இல் லண்டனில் மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். சப் கம்பெனியின் பெயர்பெற்ற பூட்டை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிராமா பூட்டு அவ்வளவு லேசில் விடவில்லை. 16 நாளில் பரவலாக 51 மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் திறந்துவிட்டார். பரிசையும் வாங்கினார்.

சரி, நம் தாமானில் எந்தத் திருடன் 51 மணி நேரம் வாசலில் உட்காரப் போகிறான்? பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போடுவாரா? அவன் தேடுவது சுலபமான வழி: திறந்து கிடக்கும் சன்னல், தொட்டிக்கு அடியில் சாவி, இல்லாவிட்டால் ஒரே உதையில் பிளக்கும் கதவு நிலை.

அந்தக் கதவு நிலைக்கு வருகிறேன். நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்துப் பூட்டு வாங்குகிறார்கள், அது போய் மாட்டிக்கொள்ளும் மரம் கரையான் அரித்துக் கிடக்கிறது. ஸ்குரு டிரைவரால் குத்திப் பாருங்கள்; பிஸ்கட் மாதிரி உள்ளே போனால் முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள். நாக்கு நுழையும் தகட்டுக்குப் பெட்டியிலேயே கொடுக்கும் குட்டை ஸ்குருவைத் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று அங்குல ஸ்குரு போடுங்கள். என் கடையில் விற்பதிலேயே மலிவான பாதுகாப்பு அதுதான். ஆனால் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடி வந்ததும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் சிலிண்டரை மாற்றுங்கள். பழையதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்து, காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிட்டுப் போங்கள். உரிமையாளர்களுக்கும் ஒன்று: வாடகை பாக்கி என்று கோபத்தில் ஆளை வெளியே விட்டுப் பூட்டை மாற்றிவிடாதீர்கள். நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம், 7(2) பிரிவு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது. அந்த மாதிரிக் காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கச்சி கையைக் காட்டுகிறார். இன்னும் நிறைய இருந்தது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். படத்தைப் பார்த்தே சாவி வெட்ட முடியும். பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து இன்னும் இறுகும். பென்சில் முனையைச் சாவிப் பல்லில் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். எண் பூட்டு வாங்கினால் கம்பெனி வைத்த எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள். அதுவும் பூட்டுதான், அதற்கும் ஆள் தெரியாது.

கடைசியாக கிரில். இதற்குத்தான் அரை நேரம் ஒதுக்கியிருந்தேன். ராத்திரி உள்ளே பூட்டிக்கொண்டு தூங்குகிறோம். தீப்பிடித்தால், புகையில், இருட்டில், அந்தச் சாவி எங்கே? வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே இருப்பவர்கள் தடவி எடுக்கக்கூடிய ஓர் ஆணியில் தொங்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆணியைக் காட்டி, விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தீயணைப்புப் படைக்கு, அதாவது பொம்பாவுக்கு, எண் 999. இன்று ராத்திரியே... சரி சரி, செய்தி நேரமாம். நன்றி, வணக்கம்.