கோழிக்கூட்டில் வந்த கிறிஸ்துமஸ்

நடுவர் அவர்களுக்கு வணக்கம். மேடையில் இருப்பவர்களுக்கும், பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாமாருக்கும், பின்னால் பைக் மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம். மிச்ச வணக்கங்களை எதிரணி அண்ணனே நீளமாகச் சொல்லி முடித்துவிட்டார். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள்ளேயே கொண்டாடிய பண்டிகைகள் குடும்பத்தைச் சேர்த்தனவா, சிதைத்தனவா? இதுதான் தலைப்பு. சேர்த்தன என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "வீட்டைப் பூட்டி எட்டுப் பேரை உள்ளே வைத்தால் நெருக்கமாகத்தான் இருப்பார்கள். கோழிக்கூட்டுக்குள் கோழிகளும் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. அதற்குப் பெயர் பாசமா? இடம் இல்லை, அவ்வளவுதான்!" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் இருக்கும் எங்கள் அம்மாவும் தட்டினார்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அண்ணன் வாயில் கோழி என்ற சொல் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். இனி கோழிக்குத்தான் பதில். ஏனென்றால் நடுவர் அவர்களே, 2020 கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டுக்குக் கோழிக்கூட்டு வழியாகத்தான் வந்தது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கம். வழக்கமான கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். டிசம்பர் பிறந்தால் வீட்டு ஆண்பிள்ளைகள் சந்தியில் குடில் கட்டப் போய்விடுவார்கள். மலை, அருவி, மோட்டார் வைத்து ஓடுகிற தண்ணீர், மூங்கில் சிலாகையில் ஆள் உயர ஸ்டார். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். அப்பா கோயில் பங்குப் பேரவை, நான் பாடகர் குழு, அம்மா அடுப்படி. 24-ம் தேதி நடுராத்திரிப் பூசையில் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததே கிடையாது. ஊருக்கெல்லாம் திருநாள், எங்கள் வீட்டில் மட்டும் ஆளுக்கு ஒரு திசை. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அங்கே ஒரு மாமா தலையை ஆட்டுகிறார், நன்றி மாமா.

2020-ல் என்ன ஆனது? 65 வயதைத் தாண்டியவர்களும் 10 வயதுக்குக் கீழே இருப்பவர்களும் வெளியே வர வேண்டாம் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. எங்கள் பாட்டாவுக்கு அப்போது 78. என் கூடப்பிறந்த அண்ணன் மகளுக்கு 6. அரசாங்கமே பாட்டாவையும் கொள்ளுப்பேத்தியையும் ஜோடி சேர்த்து வீட்டில் உட்கார வைத்துவிட்டது! அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது? அந்த வருஷம் எல்லாருமே வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் வீட்டு அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தவர். கொரோனாவில் வேலை போய், ஆகஸ்டில் ஊர் வந்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். ரப்பர் மரப் பலகை வாங்கி, கோழிகளுக்கு மாளிகை மாதிரி புதுக்கூடு ஒன்று கட்டினார். காற்றுக்கு வலை, மேலே தகரம், ஏறிப்போக ஏணி. இந்தப் புதுக்கூட்டை மனதில் வையுங்கள், எதிரணி அண்ணனுக்குப் பதில் சொல்லும்போது வேண்டியிருக்கும். பழைய கூடு கொல்லையில் காலியாகக் கிடந்தது.

டிசம்பர் பிறந்தது. குடில் வைக்க வேண்டும். அந்தச் சின்னப் பிள்ளை பாட்டாவிடம் கேட்டாள்: "பாட்டா, ஏசு மாட்டுத் தொழுவத்துலதானே பிறந்தாரு? நம்மகிட்ட மாடு இல்ல. கோழிக்கூடு இருக்கே?"

பாட்டா அசந்துபோய்விட்டார். பழைய கூட்டைக் கழுவி, வெள்ளையடித்து, முற்றத்தில் தூக்கி வைத்து, ஓலை வேய்ந்து, வைக்கோல் பரப்பினோம். காகிதத்தைக் கசக்கி மை தெளித்துப் பாறை செய்தோம். தட்டில் கேழ்வரகு முளைக்கப் போட்டு, பச்சைப் பசேலென்று புல்வெளி. ஸ்டாருக்கு மைதா பசை காய்ச்சியது அப்பா. பிறந்ததிலிருந்து நான் அப்பாவை அடுப்படியில் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு செவலைக் கோழி இருந்தது. கிறிஸ்துமஸ் ஆப்பத்துக்குக் கறி வைக்க என்று பாட்டி அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 22-ம் தேதி காலையில் பார்த்தால் கோழியைக் காணோம். கொல்லையில் தேடி, கிணற்றடியில் தேடி, அடுத்த வீட்டு வேலி வரைக்கும் தேடியாயிற்று. "கீரி கொண்டு போயிருக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுக்குக் கறி போன துக்கம். அப்போது முற்றத்திலிருந்து ஒரு சத்தம்: "எல்லாரும் இங்க வாங்க! கோழி கும்பிட வந்திருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தால், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில், வைக்கோலில், இறக்கையை விரித்துக்கொண்டு செவலை உட்கார்ந்திருக்கிறது. அத்தனை நாளும் காகிதப் பாறைக்குப் பின்னால் எங்களுக்குத் தெரியாமல் முட்டையிட்டு, அன்றைக்கு எல்லாவற்றையும் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து அடை உட்கார்ந்துவிட்டது!

பைக் மேல் இருக்கும் தம்பிமாருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, மறுபடி சொல்கிறேன். இந்தப் பக்கம் மாதா. அந்தப் பக்கம் சூசையப்பர். நடுவில் கோழி. கேழ்வரகுப் புல்வெளி முக்கால்வாசி காலி, மேய்ந்தாயிற்று. மூன்று ராஜாக்களில் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். ஒட்டகத்தைக் காணவே காணோம். அது எங்கே போனது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது வீட்டில் பெரிய வழக்கு. நடுவர் அவர்களே, உங்களுக்கு இன்று இருக்கிற வேலையைவிடக் கஷ்டமான வழக்கு. "எடுத்து அறுத்துரலாம், திருநாளுக்கு வேற கறி இல்ல" என்கிறார் அப்பா. "முட்டையோட இருக்கிற கோழியையா?" என்கிறார் மைனி, அண்ணன் மனைவி. "குடிலுக்குள்ள போனா கோழி சாமியாயிருமா?" என்று அண்ணன். சின்னப் பிள்ளை கூட்டு வாசலில் கையை விரித்து மறித்து நிற்கிறாள். கடைசியில் பாட்டி வந்தார்கள். ஒரே வார்த்தை: "குடிலுக்குள்ள வந்து உக்காந்தவள யாரும் அனக்கப்பிடாது." வழக்கு முடிந்தது. அன்று காலை வரைக்கும் 'அது' என்று இருந்த கோழி, அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் 'அவள்'.

24 ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தை ஏசு சுரூபத்தைக் குடிலில் வைக்க வேண்டும். போனில் பூசை ஓடுகிறது. அப்பா சுரூபத்தைக் கொண்டு போனார், கோழி ஒரு கொத்து. அண்ணன் கொண்டு போனார், இரண்டு கொத்து. அப்புறம் அந்தப் பிள்ளை பையப் போய், "உன் பிள்ளைய எடுக்க வரல, இன்னொரு பிள்ளைய வைக்க வந்தேன்" என்று சொல்லி வைத்தாள். கொத்தவில்லை! என் கண்ணால் பார்த்தேன்.

எதிரணி அண்ணன் அவர்களே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடம் இல்லாததால் கோழி கூட்டுக்குள் ஒட்டி இருக்கிறது என்றீர்கள். ரப்பர் மரத்தில் மாளிகை மாதிரி புதுக்கூடு இருந்ததே, அவள் ஏன் அங்கே போகவில்லை? பூட்டி வைத்ததால் இருக்கிறது என்றீர்கள். எங்கள் குடிலுக்குக் கதவே கிடையாது அண்ணா! நாளுக்கு ஒரு தடவை இறங்குவாள். இரை பொறுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு, ஓடிவந்து உட்கார்ந்துகொள்வாள். கோழிமுட்டை பொரிய 21 நாள். யார் பூட்டினார்கள் அவளை? தனக்குக் கீழே சூடு வேண்டி ஓர் உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளால் போக முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கட்டுப்பாடு கதவை மூடியது உண்மை. ஆனால் செப்டம்பரிலேயே மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டது, பஸ்ஸும் ஓட ஆரம்பித்துவிட்டது. டிசம்பரில் போக நினைத்தால் போயிருக்கலாம். போகவில்லை.

ஒட்டகம்! மறக்கவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6-ல் வந்து போயிற்று. ஊரெல்லாம் குடிலைப் பிரித்தார்கள். எங்கள் குடில் அப்படியே நின்றது, பாட்டி உத்தரவு. பொங்கலை ஒட்டிக் குஞ்சுகள் பொரிந்தன. அவள் எழுந்த இடத்தில் பார்த்தால், ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில் அந்த மண் ஒட்டகம் கிடக்கிறது! அத்தனை நாளும் ஒட்டகத்தையும் சேர்த்து அடைகாத்திருக்கிறாள். தன் முட்டையா, அடுத்தவர் ஒட்டகமா என்று பார்க்காமல் சூடு கொடுத்தவளைப் போய் 'இடம் இல்லாமல் நெருக்கி உட்கார்ந்தது' என்கிறாரே எதிரணி அண்ணன், நியாயமா?

அப்புறம், கூட்டம் இல்லாமல் கடைக்காரர்களின் வருமானம் போயிற்று என்று அந்த அணியின் அக்கா சொன்ன விஷயம். அதை நான் மறுக்கமாட்டேன். கன்னியாகுமரியில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஐயப்ப சீசன்தான் வருஷம் முழுக்கச் சோறு. அந்த ஆண்டு சபரிமலையில் சீசன் தொடங்கும்போது வார நாட்களில் நாளுக்கு 1000 பேருக்குத்தான் அனுமதி. சங்கும் சிப்பி மாலையும் விற்கும் கடைகள் எப்படி இருந்திருக்கும்? அந்த வலி பொய்யில்லை. ஆனால் தலைப்பு குடும்பம். அந்த வருஷம் ஏப்ரல் 12 ஈஸ்டருக்குக் கோயில் பூட்டியிருந்தது, நோன்புப் பெருநாள் தொழுகையை வீட்டுக்குள்ளேயே தொழுதார்கள், ஓணத்துக்கு எங்கள் எதிர்வீட்டு அக்கா தோவாளைச் சந்தைப் பூவுக்குப் போகாமல் வேலியில் இருந்த செம்பருத்தியையும் தும்பையையும் பறித்து அத்தப்பூக் கோலம் போட்டார்கள். எந்த வீட்டிலும் பண்டிகை செத்துப்போகவில்லை. அளவு குறைந்தது, ஆள் சேர்ந்தது.

25-ம் தேதி எங்கள் வீட்டில் கறி கிடையாது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் நெத்திலி மீன் குழம்பும். கிழங்கு தொலித்தது அப்பா, தேங்காய் துருவியது அண்ணன். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருண்டை பிடிக்க எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தோம். அம்மா அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திருநாள் அன்று எங்கள் அம்மா உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா, இப்போது தட்டுங்கள் கையை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எங்கள் வீட்டு அண்ணன் ஆகஸ்டில் வந்தார் என்றேன். வந்ததும் 14 நாள் முன்னறையில் தனியாக இருந்தார். அவர் மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் போன்தான். முற்றத்தில் அவளை நிறுத்தி, "அந்தா பாரு, ஜன்னல்ல அப்பா" என்று காட்டினோம். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, திரையைத் தடவி, "அப்பா வரல்லியே" என்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்று அழுதார். மைனி அடுப்படிக்குள் போய்விட்டார்.

டிசம்பரில் அதே பிள்ளை அவர் தோளில் ஏறி நின்று மாமரத்தில் ஸ்டார் கட்டினாள். இது எங்கள் வீட்டில் மட்டுமா? ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர் 600-க்கும் மேற்பட்டவர்களோடு கடற்படைக் கப்பல் ஜலஷ்வா 2020 ஜூலை 1-ல் தூத்துக்குடிக்கு வந்ததே, அதில் நம் மாவட்டக் கடற்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒக்கி புயல் அடித்த 2017-ல் ஸ்டார் தொங்காத கிறிஸ்துமஸைப் பார்த்த ஊர்கள் அவை. அந்தத் தாய்மாரிடம் போய், வெறும் கையோடு திரும்பி வந்த மகன் வீட்டுக்குள் இருந்தது சேர்த்ததா சிதைத்ததா என்று கேளுங்கள்.

எங்கள் பாட்டா சின்ன வயதில் கேரல் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். வருஷா வருஷம் கேரல் வரும் என்று திண்ணையில் காத்திருப்பார். வருவார்கள், ஒரு பாட்டு பாடுவார்கள், காணிக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அந்த வருஷம் யாரும் வரவில்லை. பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, கொள்ளுப்பேத்தியின் விரலைப் பிடித்துக் கட்டைகளில் வைத்து, ராத்திரி ராத்திரியாகச் சொல்லிக்கொடுத்தார். 2021 மே மாதம் பாட்டா போய்விட்டார். விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு அடக்கம் செய்தோம். அவர் கை பழக்கிய விரல் இன்றைக்கு எங்கள் பங்கில் சின்னப் பிள்ளைகள் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறது. வேறு எந்த வருஷத்தில் அவருக்கு அந்த நேரத்தை நாங்கள் கொடுத்திருப்போம்? எந்த வருஷத்தில்?

எதிரணி அண்ணன் அவர்களே, உங்கள் அம்மா கீழே மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். 2020 கிறிஸ்துமஸுக்கு நீங்களும் வீட்டில்தானே இருந்தீர்கள்? அன்று மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று மேடையை விட்டு இறங்கியதும் அவர்களிடமே கேளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.