ஸென்ட்சூஜியின் இருட்டு வழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் ஷிகோகு என்றொரு தீவு. அதைச் சுற்றி 88 புத்தர் கோயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அத்தனையையும் நடந்தே கும்பிட்டு வர ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒன்றரை மாதம் பிடிக்கும். கோபோ தாய்ஷி என்று மக்கள் வணங்கும் கூகாய் துறவியின் பெயரால் நடக்கும் யாத்திரை இது. யாத்திரிகர் கையிலுள்ள தடியே தாய்ஷி என்பது நம்பிக்கை. அதனால் இரவு விடுதிக்கு வந்ததும் முதலில் தடியின் அடியைத்தான் கழுவுவார்கள், அப்புறம்தான் தங்கள் கால்!

கூகாய் 774-இல் பிறந்த இடமென்று சொல்லப்படுவது 75-ஆம் கோயிலான ஸென்ட்சூஜி. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரம் புயல், போர், இடி மூன்றுக்கும் பலியாகி, திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது. இப்போது நிற்பது 1902-இல் முடிந்தது. படமெடுக்கும் கூட்டம் அங்கேதான். நான் சொல்ல வந்தது மேற்கு வளாகத்தில், மியேய்தோ மண்டபத்துக்கு அடியில் இருக்கிறது.

படியிறங்கினால் கும்மிருட்டு. நூறு மீட்டர் அளவுக்குச் சுரங்க வழி. இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே, 'நமு தாய்ஷி ஹென்ஜோ கோங்கோ' என்று தாய்ஷியைப் போற்றும் மந்திரத்தைச் சொல்லியபடி நடக்க வேண்டும். காசு கொடுத்து எதையும் பார்க்காமல் வருகிற தரிசனம். வானொலிக்கு இதைவிடத் தோதான கோயில் உண்டா? கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாது. முன்னால் போகும் பாட்டியின் முணுமுணுப்பு இடப்பக்கம் நகர்ந்தால், வழி திரும்புகிறது என்று அர்த்தம். நடுவழியில், கூகாய் பிறந்த இடத்துக்கு நேர் கீழே, அவருடைய குரல் என்று இன்றைய தொழில்நுட்பத்தில் உருவாக்கிய ஒலிப்பதிவு ஒன்று பேசுகிறது. பாட்டியின் குரலே போதும் என்று எனக்குப் பட்டது.

கூகாயின் குருபரம்பரையில் வஜ்ரபோதி என்ற தென்னிந்தியத் துறவி இருக்கிறார். காஞ்சியில் பல்லவ மன்னனுக்காக மழை வேண்டியவர் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. நம் ஊர்ச் சரடு அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

மேலே வந்ததும் யாத்திரை நோட்டில் தூரிகையால் எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தருவார்கள். மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். பேருந்துக் கூட்டம் வந்தால் வழிகாட்டி எல்லோருடைய நோட்டையும் மொத்தமாக அடுக்கி நீட்டுவார்; அவருக்குப் பின்னால் மாட்டினால் காத்திருக்க வேண்டியதுதான். நாலு மணிக்கே போய்விடுங்கள். வணக்கம்.