200 வந்தது, உரை வரவில்லை: டிக்காவின் மேல் பழி போடாதீர்கள்

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? பிரிக்பீல்ட்ஸிலிருந்து பேசுகிறேன். போன காணொளியில் சொன்னேனே, ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் ஆரக்கிள் தரவுத்தளத்தில் பிளாபாக, அதாவது வெறும் பைட்டுகளாக, கிடக்கின்றன, அவற்றிலிருந்து உரையை எடுத்துத் தேடும்படி செய்ய வேண்டும் என்று. அந்த வேலைதான் இன்றைக்கு.

உரையை எடுப்பது அப்பாச்சி டிக்கா சர்வர். எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். 9998 போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், கோப்பை அனுப்பினால் எழுத்தைத் திருப்பித் தரும். காசே கிடையாது. ஆனால் இங்கே பிடிஎஃப் அனுப்பினால் 200, அதாவது 'எல்லாம் சரி', என்று பதில் வருகிறது, உரை மட்டும் காலி. பிழைச் செய்தியும் இல்லை.

எனக்கு முன்னால் வந்த ஆலோசகர் இதைப் பார்த்துவிட்டு, "டிக்காவுக்குத் தமிழ் வராது, வேறு மென்பொருள் வாங்குங்கள், வருடத்துக்கு 4,000 வெள்ளி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலாயிரம் வெள்ளி! ஒரு தடவை இல்லை மக்களே, வருடா வருடம். சின்னச் சங்கம் அது, உறுப்பினர் சந்தாவில் ஓடுகிறது. அந்தத் தாளைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் எப்படி எழுத மனம் வரும்?

நான் அதே பிடிஎஃப்பை கர்ல் என்ற கட்டளைக் கருவி வழியாக, ஆரக்கிள் இல்லாமல் நேரடியாக டிக்காவுக்கு அனுப்பினேன். தமிழ் உரை பொலபொலவென்று கொட்டியது. அப்படியென்றால் டிக்கா நன்றாகத்தான் இருக்கிறது, வழியில்தான் ஏதோ நடக்கிறது. டிக்கா இருக்க வேண்டிய இடத்தில், வருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும் நெட்கேட் என்ற கருவியை உட்காரவைத்து, ஆரக்கிள் அனுப்புவதை அப்படியே பிடித்துப் பார்த்தேன். 2 எம்பி கோப்பு கிட்டத்தட்ட 3 எம்பியாக வந்து நிற்கிறது!

இப்போது இந்தத் திரையைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். பெரும்பாலான பிடிஎஃப்களில் இரண்டாவது வரி ஒரு குறிப்பு வரி. அதில் 128 அல்லது அதற்கு மேற்பட்ட நான்கு பைட்டுகளை வேண்டுமென்றே வைப்பார்கள், இது வெறும் உரைக்கோப்பு இல்லை என்று காட்டுவதற்காக. இந்தக் கோப்பில் அவை 226, 227, 207, 211. பிடித்துவைத்ததில் என்ன இருக்கிறது? 195 162, 195 163, 195 143, 195 147. நான்கு எட்டாகிவிட்டது! இதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

காரணம் இதுதான். ஆரக்கிளிலிருந்து டிக்காவுக்கு அனுப்பும் பழைய ஸ்கிரிப்ட், பிளாபை லத்தீன்-1 என்ற குறிமுறையில் உள்ள எழுத்து என்று எண்ணி கிளாபாக (ஆரக்கிளின் உரை வகை) மாற்றி, பிறகு ஆரக்கிள் வலைக்கோரிக்கை அனுப்பும் யுடிஎல்_எச்டிடிபியின் ரைட்_டெக்ஸ்ட் மூலம் யுடிஎஃப்-8 என்ற இன்னொரு குறிமுறையில் அனுப்புகிறது. 128 அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு பைட்டும் இரண்டாகிறது. பிடிஎஃப்பின் உள்ளே உரையைச் சுருக்கி வைத்திருக்கும் பகுதி அதோடு நாசம், அதனால்தான் உரை வரவில்லை.

அப்புறம், முதலில் சோதித்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? ஆங்கில உரைக்கோப்பை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தெல்லாம் 128க்குக் கீழே, அதனால் இரண்டு குறிமுறையிலும் ஒன்றுதான், சேதாரமே ஆகாது. ஒரே ஒரு 'அ' இருக்கும் கோப்பை அனுப்பியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். தயவுசெய்து தமிழ்க் கோப்பை வைத்துச் சோதியுங்கள்.

தீர்வு சின்னது. கிளாப் வேண்டாம். ஆரக்கிளின் டிபிஎம்எஸ்_லாப் வழியாக பிளாபை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 32,767 பைட்டாகப் படித்து, பைட்டை மாற்றாமல் அனுப்பும் ரைட்_ரா மூலம் அனுப்புங்கள்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். கோரிக்கை முறையை புட் என்று நீங்களே கொடுக்க வேண்டும், யுடிஎல்_எச்டிடிபி தானாக எடுத்துக்கொள்வது கெட். மல்டிபார்ட்டாக, அதாவது வலைப் படிவத்தில் கோப்பை இணைப்பதுபோல், அனுப்புவதென்றால் போஸ்ட், முகவரியும் டிக்கா/ஃபார்ம் என்று மாறும். 24247 என்ற ஆரக்கிள் பிழை வந்தால் வலையமைப்பு அனுமதி இல்லை என்று அர்த்தம். டிபிஏவிடம் (தரவுத்தள நிர்வாகி) கேளுங்கள்.

சரி, ஸ்கேன் செய்த பக்கங்கள் இன்னும் பாக்கி. அவற்றுக்கு டிக்கா, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் (ஓசிஆர்) டெசராக்டைக் கூப்பிடும், சும்மா விட்டால் ஆங்கிலமாகவே படிக்கும். தமிழ் மொழிக்கோப்பை நிறுவி, ஓசிஆர் மொழியைக் கோரிக்கையின் ஹெடரில் (தலைப்பு வரியில்) சொல்ல வேண்டும். சங்கத்தின் பழைய தட்டச்சுப் பக்கங்களை இன்றிரவு அதில் போடுகிறேன், என்ன வந்தது என்று அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.