பெருந்தேனும் ஹெஜ்ஜேனும்

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, காட்டைக் கடந்து போனால் தாளவாடி வரும். ஈரோடு மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியம். முதல்முறை போனபோது டீக்கடைக்காரர் கன்னடத்தில் "ஊட்டா ஆயித்தா?" என்றார். நான் விழித்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று உடனே தமிழுக்கு மாறிவிட்டார்.

1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துக்குப் போனது. தாளவாடி இங்கேயே நின்றுவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், கர்நாடகத்தின் சாமராஜநகரோ பக்கத்தில். பெண் கொடுத்து எடுப்பதும் அந்தப் பக்கம்தான். அரசுப் பள்ளிகளில் கன்னட வழி வகுப்புகளும் உண்டு. நடிகர் ராஜ்குமாரின் காஜனூர்கூட இந்த ஒன்றியத்தில்தான். நமக்கென்னவோ 2000-இல் வீரப்பன் அவரைக் கடத்திப்போன பிறகுதான் அந்தப் பெயரே தெரிந்தது!

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பனகஹள்ளி, சிக்கஹள்ளி. அந்த 'ஹள்ளி' வேறொன்றுமில்லை, திருச்சிராப்பள்ளியில் இருக்கும் நம் 'பள்ளி'தான். புலி அங்கே ஹுலி, பால் ஹாலு, பல் ஹல்லு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'விலேயே தொடங்கின. பிறகுதான் 'ஹ' ஆயின. இது பிடிபட்டதும் எனக்குப் பாதிக் கன்னடம் வந்துவிட்டதுபோல ஒரு தைரியம். மீதிப் பாதி இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

சரி, கன்னடமும் தமிழும் மட்டும்தானா? ஆசனூர், கேர்மாளம் பக்கம் சோளகர்கள் இருக்கிறார்கள். தலமலைப் பக்கம் ஊராளிகள். இரண்டும் பழங்குடிகள். சோளகர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது, ஆனால் கன்னடமே என்று சொல்லிவிட முடியாது. தனி எழுத்து கிடையாது. தேன் எடுப்பவர்களாயிற்றே, ஒவ்வொரு தேனீக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய அடை கட்டுமே, மலைத்தேனீ, அது ஹெஜ்ஜேனு. கன்னடத்திலும் அதே பெயர்தான். பிரித்துப் பார்த்தால் பெரிய தேன். குறுந்தொகையில் குறிஞ்சிப் பூவிலிருந்து இழைக்கிற 'பெருந்தேன்' இருக்கிறதல்லவா, சொல்லளவில் இரண்டும் ஒன்றுதான். நாம் புத்தகத்தில் படித்ததை அவர்கள் மரமேறி இறக்குகிறார்கள்.

இத்தனை பேச்சு புழங்கும் இடத்தில், அரசாங்கப் படிவத்தில் மட்டும் 'தாய்மொழி' என்று ஒரே ஒரு கட்டம். ஓர் அலுவலகத்தில் சோளகப் பெரியவர் ஒருவருக்கு அதை நிரப்பிக்கொடுத்தவர், "தமிழா, கன்னடமா?" என்றார். பெரியவர் யோசித்தார்.

"ரெண்டும் தெரியும் சாமி. வீட்டுல எங்க பேச்சு."

எழுதுகிறவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அப்புறம் 'கன்னடம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.