பில் பீட்: டிஸ்னி போர்டுல கதை வரைஞ்ச மனுஷன், அவரோட குழந்தைங்க புக்ஸ்

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னிக்கு நான் பேசப்போறது பில் பீட் பத்தி. பேரு கேள்விப்படலன்னாலும் அவரு கை பட்ட படத்தை நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க. டம்போ, சின்ட்ரெல்லா, பீட்டர் பேன், 101 டால்மேஷியன்ஸ்னு போயிட்டே இருக்கும். ஸ்டோரி ஆர்ட்டிஸ்ட். இன்னொரு பக்கம் முப்பதுக்கும் மேல குழந்தைங்க புக் எழுதி, படமும் அவரே போட்டவரு. இந்த ரெண்டு வேலையும் எப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குன்றதைத்தான் நான் சொல்லப்போறேன்.

மொதல்ல ஸ்டோரி ஆர்ட்டிஸ்ட்னா என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு அனிமேட்டரும் இவரும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. அனிமேட்டர் கேரக்டரை நடக்க வைப்பாரு, பேச வைப்பாரு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த சீன்ல என்ன நடக்குது, யாரு எங்க நிக்கிறாங்க, எந்த எடத்துல சிரிப்பு வரணும், எங்க பயம் வரணும், இதையெல்லாம் சின்னச் சின்ன ஸ்கெட்சா வரைஞ்சு பெரிய போர்டுல வரிசையா பின் குத்தி வைக்கணும், அதுதான் ஸ்டோரிபோர்ட், 1930கள் ஆரம்பத்துல டிஸ்னி ஸ்டுடியோலதான் இந்த முறை ஒழுங்கா உருவாச்சு. வரைஞ்சா மட்டும் போதாது. அந்த போர்டு முன்னாடி நின்னு குச்சியால ஒவ்வொரு படமா காட்டி, குரலை மாத்தி மாத்தி நடிச்சு கதை சொல்லணும், எதிர்ல வால்ட் டிஸ்னி உக்காந்து பாத்துட்டு இருப்பாரு. அவருக்குப் பிடிக்கலன்னா அத்தனை ஸ்கெட்சும் கீழ எறங்கிடும். பிடிச்சாலும் அந்த ஸ்கெட்ச் ஸ்க்ரீன்ல வராது, அத வச்சு வேற ஒருத்தர் வரையறதுதான் வரும். இத்தனை வருஷம் இப்படி ஒரு வேலையை செஞ்ச மனுஷங்க மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு.

பீட் 1915 ஜனவரி 29, இண்டியானா மாநிலத்துல கிராண்ட்வியூன்ற ஊர்ல பொறந்தாரு, வளர்ந்தது இண்டியானாபோலிஸ்ல. சின்ன வயசுல இருந்தே வரைஞ்சுட்டே இருந்த பையன். க்ளாஸ்ல டெஸ்க்குக்குள்ள நோட்டை ஒளிச்சு வச்சு வரைவாராம், பாடப்புத்தகத்தோட ஓரம் பூரா படமா இருக்கும்ன்றதால பழைய புக்கா விக்கும்போது அவரோட புக்குக்கு தனி கிராக்கியாம். ஒரு டீச்சர் அந்த நோட்டை பிடுங்கி க்ளாஸ் முன்னாடியே காட்டிட்டு, கடைசில திருப்பிக் குடுக்கும்போது, இத வச்சு நீ ஒருநாள் ஏதாவது பண்ணுவேன்னு நம்பறேன்னு சொன்னாங்களாம். அப்புறம் ஜான் ஹெரான் ஆர்ட் ஸ்கூல்ல படிச்சாரு.

1937ல டிஸ்னில சேர்ந்தாரு. குடுத்த வேலை இன்பிட்வீனிங். அதாவது அனிமேட்டர் முக்கியமான போஸ் வரைஞ்சு குடுத்துடுவாரு, நடுவுல வர்ற அசைவையெல்லாம் இவங்க உக்காந்து நிரப்பணும். டொனால்ட் டக்கை திரும்பத் திரும்ப வரைஞ்சு ஒரு நாள் தாங்க முடியாம, இனிமே வாத்தே வேணாம்னு கத்திட்டு எந்திரிச்சு போயிட்டாரு! மறுநாள் விட்டுட்டு வந்த ஜாக்கெட்டை எடுக்க திரும்பி வந்தா அவருக்கு ஒரு கவர் காத்துட்டு இருக்கு. பினோக்கியோ படத்துக்காக அவரு ஏற்கனவே பூதம் மாதிரி உருவமெல்லாம் வரைஞ்சு அனுப்பியிருந்தாரு, அதைப் பாத்து ஸ்டோரி டிபார்ட்மெண்டுக்கு மாத்திட்டாங்க. அங்கேருந்து 27 வருஷம்.

சின்ட்ரெல்லால எலிங்களும் லூசிஃபர் பூனையும் போடற சண்டை இருக்குல்ல, அந்தப் பகுதியோட ஸ்டோரிபோர்ட்ல பீட்டுக்கு பெரிய பங்கு இருக்கு. அத சத்தத்தை நிறுத்திட்டு ஒரு தடவை பாருங்க. எலி எங்க இருக்கு, பூனை எதைப் பாக்குது, சாவி எவ்வளவு தூரத்துல இருக்கு, ஒரு எடத்துல கூட கொழப்பமே வராது.

ஆனா பீட் முழுசா வெளிப்பட்டது 101 டால்மேஷியன்ஸ்ல. 1961ல வந்துச்சு. அதுவரைக்கும் டிஸ்னி ஃபீச்சர் படம்னா ஒரு கூட்டமே கதை பண்ணும், டைட்டில் கார்டுல வரிசையா பேரு வரும். இதுல கதைன்னு ஒரே ஒரு பேருதான், பில் பீட். டோடி ஸ்மித் 1956ல எழுதின நாவல்தான் மூலம். நாவல்ல ஹீரோ நாய் பாங்கோவோட ஜோடி மிஸ்ஸிஸ், பெர்டிட்டா வேற ஒரு நாய். பீட் ரெண்டு பேரையும் சேத்து ஒரே பெர்டிட்டாவா ஆக்கிட்டாரு. அதே மாதிரி ரெண்டு நானியை, அதாவது ஆயாவை, ஒரே நானி ஆக்கினாரு. வில்லி க்ருயெல்லாவுக்கு நாவல்ல புருஷன் இருக்காரு, வீட்ல பூனை இருக்கு, படத்துல ரெண்டும் இல்ல. இது ஏதோ நேரம் பத்தலன்னு வெட்டினது இல்லீங்க. புருஷன் இல்லாம தனியா, அந்த கோட்டு, அந்த சிகரெட், அந்த காரோட ஒரு பொம்பளை கதவைத் தள்ளிட்டு உள்ள வரும்போதுதான் அந்த பயம் அவ மேல மட்டும் நிக்குது, பார்வையை வேற யாரும் பங்கு போட்டுக்கல. கதை எழுதறவங்க யாராச்சும் இந்த வீடியோ பாத்துட்டு இருந்தா நாவலையும் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு கேரக்டரை ஏன் எடுக்கணும்னு கத்துக்க இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

அடுத்து 1963ல தி ஸ்வோர்ட் இன் த ஸ்டோன், ஆர்தர் ராஜா சின்ன பையனா இருந்தப்போ நடக்கற கதை, அதுவும் தனியாவே பண்ணாரு. மெர்லின் மந்திரவாதிக்கு மாடல் யாரு தெரியுமா? வால்ட் டிஸ்னியேதான். அந்த கோவம், அந்த புத்திசாலித்தனம், அந்த விளையாட்டுத்தனம், மூக்கு கூட அவரோடதாம். படம் மொத்தமா பாத்தா கொஞ்சம் தளர்வாதான் இருக்கு, அத நான் மறைக்கல, ஆனா அந்த அணில் சீன் ஒண்ணு இருக்கு. பையன் அணிலா மாறியிருக்கான், ஒரு பொண்ணு அணில் அவன் மேல உசுரையே வச்சிருது, அப்புறம் அவன் திரும்ப மனுஷனா ஆயிடறான், அதுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியாம அழுவுது. குழந்தைங்க படத்துல அந்த அழுகைக்கு எந்த ஆறுதலும் குடுக்காம அப்படியே விட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

அதுக்கப்புறம் ஜங்கிள் புக். பீட் கொண்டு வந்த கதை கிப்ளிங்கோட மூலத்துக்குக் கிட்டத்துல, கொஞ்சம் இருட்டா இருந்துச்சு, வால்ட்டுக்கு அது வேணாம், ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு. 1964 ஜனவரி 29, அவரோட 49வது பொறந்த நாளு, அன்னிக்கு டிஸ்னியை விட்டு வெளிய வந்துட்டாரு.

சும்மா வெளிய வரல, அவருக்கு போக ஒரு எடம் இருந்துச்சு. தன்னோட ரெண்டு பசங்களுக்கு ராத்திரி கதை சொல்லிச் சொல்லி, வேலைல இருக்கும்போதே புக்கு போட ஆரம்பிச்சிருந்தாரு. மொதல் புக்கு ஹூபர்ட்ஸ் ஹேர்-ரெய்சிங் அட்வென்ச்சர், 1959. பிடரி மயிர் மேல ரொம்ப பெருமை உள்ள சிங்கம், அது கருகிப் போயிடுது, திரும்ப வளர முதலைக் கண்ணீர் வேணும். பூரா பாட்டு நடையில இருக்கும்.

இங்கதான் நான் மொதல்ல சொன்ன விஷயம் வருது. ஸ்டுடியோல அவரு வரைஞ்ச படம் எல்லாமே ரூமோட அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு செகண்ட்ல புரியணும். அந்தப் பழக்கம் புக்குல அப்படியே வந்திருக்கு. டீச்சர் புக்கை தூக்கிப் பிடிச்சு காட்டினா கடைசி வரிசைல இருக்கற குழந்தைக்கும் யாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். இங்க் கோடு, அதுக்கு மேல கலர் பென்சில், அவ்வளவுதான். மிருகத்துக்கெல்லாம் ஒரு கனம் இருக்கும், பன்னி நின்னா தரையில நிக்கிற மாதிரியே இருக்கும். ஒரு பக்கத்துல செயலை பாதில நிறுத்துவாரு, அடுத்த பக்கம் திருப்பினாத்தான் விழுந்துச்சா தப்பிச்சிச்சான்னு தெரியும். போர்டுல ஒரு ஸ்கெட்ச்லேருந்து அடுத்த ஸ்கெட்சுக்கு குச்சி நகர்ற அதே கணக்கு.

எனக்கு ரொம்ப பிடிச்சது 1970ல வந்த தி வம்ப் வேர்ல்ட். வம்ப்னு சாதுவான மிருகங்க, புல்லு மேஞ்சுட்டு நிம்மதியா இருக்கும். வேற கிரகத்துலேருந்து பொல்யூஷியன்ஸ்னு ஒரு கூட்டம் வந்து எறங்கி ரோடு, பில்டிங், பொகைன்னு அந்த எடத்தையே நாசம் பண்ணிட்டு வேற எடம் தேடி போயிடுவாங்க. பூமிக்கு அடியில ஒளிஞ்சிருந்த வம்புங்க வெளிய வருதுங்க, கொஞ்சூண்டு புல்வெளி மிச்சம் இருக்கு, கான்க்ரீட் வெடிப்புல ஒரு தளிர் வருது. ஆனா பழைய மாதிரி முழுசா ஆகாதுன்னும் அவரு சொல்லிடறாரு. குழந்தைங்க கிட்ட பொய் சொல்லல பாருங்க, அதான் அவர எனக்கு இவ்வளவு பிடிக்குது.

1989ல தன்னோட வாழ்க்கையையும் இதே மாதிரி புக்கா போட்டாரு, கிட்டத்தட்ட எல்லா பக்கத்துலயும் கறுப்பு வெள்ளைப் படம், அடுத்த வருஷம் கால்டெகாட் ஹானர், அதாவது அமெரிக்கால குழந்தைங்க படப் புக்குக்கு குடுக்கற கௌரவம், கெடச்சுச்சு. வால்ட்டோட போட்ட சண்டையெல்லாம் அதுலயே வரைஞ்சு வச்சிருக்காரு. 2002 மே மாசம் காலமானாரு.

குழந்தைங்க வீட்ல இருந்தா செஸ்டர் த வேர்ல்ட்லி பிக்ல ஆரம்பிங்க, சர்க்கஸ் ஸ்டாராகணும்னு கெளம்புற ஒரு பன்னி கதை, அஞ்சு வயசுக்கே புரியும். மொதல் தடவை எழுத்தைப் படிச்சுக் காட்டாம படத்தை மட்டும் காட்டி, கதையை அதுங்களையே சொல்ல சொல்லுங்க, என்ன சொன்னாங்கன்னு கமெண்ட்ல போடுங்க, நான் எல்லாத்தையும் படிக்கிறேன். அடுத்த வீடியோ டிஸ்னி ஆர்ட்டிஸ்ட் மேரி ப்ளேர் பத்தி, அந்த கலர்ஸ் பத்தி தனியாவே பேசணும். பாக்கலாம்!